பின்சீட்டில் இருந்தவள் அசைந்தாளா?

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர்கள்கூட அப்படித்தான். அவளுடைய அறை தரைத்தளத்தில், லிப்ட்டுக்குப் பின்பக்கம், பகலிலும் விளக்குப் போட வேண்டிய மூலையில் இருக்கிறது. தள்ளித் திறக்க இரண்டு கை வேண்டிய கனத்த கதவு. மேலே ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே சில்லென்ற ஒரு மேசை. சுவரில் கொக்கி போட்டு மாட்டிய ஈய மேலங்கி. நான் வெளியே சீட்டுக் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் பேசுவது நாள் முழுக்க என் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. அவ்வளவுதான், விடுங்க."

கை உடைந்து கதறும் குழந்தையைக்கூட இரண்டு வார்த்தை பேசி அசையாமல் படுக்க வைத்துவிடுவாள். தானும் அப்படித்தான். பேசும்போது கையை வீசமாட்டாள், நாற்காலியில் நெளியமாட்டாள். கேன்டீனில் அவள் எதிரே உட்கார்ந்தால் நமக்கே நம் கால் ஆடுவது உறைக்கும்.

அப்படிப்பட்டவளைப் பற்றி, அவள் அசைந்ததால்தான் வண்டி ஆடியது என்று ஒரு மனிதர் எழுதி அச்சிலும் ஏற்றிவிட்டார். எழுதியவர் யாரோ எவரோ இல்லை. அவளுடைய புருஷன்.

அவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, எது எவ்வளவு சேதமாகியிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் மோட்டார்சைக்கிள்தான். மாதம் ஒருமுறை வரும் மோட்டார்சைக்கிள் பத்திரிகை ஒன்றில் 'நெடுஞ்சாலை' என்ற புனைபெயரில் எழுதுவார். புது வண்டி வந்தால் ஓட்டிப் பார்த்து இது நல்லது, இது சுமார் என்று தீர்ப்புச் சொல்வார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு வண்டி வாங்குகிற கூட்டம் ஒன்று உண்டு. நாங்கள் ஆஸ்பத்திரியில் அவரை நெடுஞ்சாலையார் என்போம். முதலில் கிண்டலுக்காக வைத்த பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு ஸ்கூட்டர் வைத்திருந்தாள். முதல் வேலையில் சேர்ந்து சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. கல்யாணமான கொஞ்ச நாளில், "ஒரே வீட்ல எதுக்கு ரெண்டு வண்டி, நான்தான் கூட்டிட்டுப் போறேன்ல" என்று சொல்லி அவர் அதை விற்க வைத்தார். அன்றிலிருந்து அவள் பின்சீட்டுக்காரி ஆனாள்.

பொய் சொல்லக்கூடாது, அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. லீவு விட்டால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். மலையேறும் வளைவுகள், பனி மூடிய அணைக்கட்டு, வழியில் பெட்ரோல் பங்க் வாசலில் நின்று குடிக்கும் டீ, எல்லாவற்றையும் திங்கட்கிழமை வந்து எனக்குச் சொல்வாள். "முதுகு போச்சுடி" என்பாள். சொல்லும்போது முகம் பளிச்சென்றிருக்கும். அவருடைய கட்டுரைகளில் மட்டும் அவள் இருக்கமாட்டாள். 'பின்னால் பாரத்துடன் ஓட்டிப் பார்த்தேன்' என்று ஒரு வரி வரும்.

ஒரு நாள் அவரிடமே கேட்டாளாம். "அந்தப் பாரம் நான்தானா?"

"சும்மா ஒரு டெக்னிக்கல் வார்த்தைம்மா அது" என்றாராம் அவர்.

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அங்கேயே பிடித்திருக்க வேண்டும் என்று பிற்பாடு நான் சொன்னேன்.

பத்திரிகை அவரிடம் ஒரு பெரிய வேலையை ஒப்படைத்தது. தொலைதூரப் பயணத்துக்கென்றே வரும் வண்டிகள் இருக்கின்றனவே, தார்ச்சாலையிலும் ஓடும், மண்பாதையிலும் ஏறும், உயரமாக, முன்னால் கண்ணாடித் தடுப்பு வைத்து, பின்னால் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போவது, அந்த வகையில் மூன்று வண்டிகளை ஒப்பிட்டு எழுத வேண்டும். அதிவேகத்தில் எது நிலையாகப் போகிறது, எந்த இருக்கையில் நாள் முழுக்க உட்கார முடிகிறது என்பதுதான் முக்கியம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். மூன்று வாரம், வாரக் கடைசியில் ஒவ்வொரு வண்டி. அதே சாலை, பெட்டிக்குள் அதே துணிமணி, பின்சீட்டில் அதே பெண்டாட்டி.

வண்டிகளுக்குக் கம்பெனி வைத்த பெயர்கள் அக்காவின் வாயில் நுழையவில்லை. அவளே பெயர் வைத்தாள். வெட்டுக்கிளி, கழுதை, யானை.

வெட்டுக்கிளி இருப்பதிலேயே லேசானது. ஒற்றை சிலிண்டர். அதன் இருக்கை பலகை மாதிரி ஒடுக்கமாகவும் கெட்டியாகவும் இருந்தது. ஒரு மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே இருப்பது தன் உடம்புதானா என்ற சந்தேகம் வந்துவிட்டதாம். கால் வைக்கும் இடத்தில் அதிர்வு ஏறி முழங்கால்வரை விறுவிறுத்தது. பஸ் முந்திப் போனால் காற்று ஒரு தள்ளு தள்ளும். ஆனாலும் வண்டி தன் வழியை விடாமல் போனது.

கழுதையைப் பார்க்க ஒன்றுமே இல்லை. மண் நிறம். ஆனால் அகலமாக, நீளமாக, தட்டையாக ஒரு இருக்கை. இரண்டு பக்கமும் கைக்கு வாகான கம்பி. வேகம் ஏற ஏற இன்னும் நேராகப் போனது. "காலையில ஏறினேன், மத்தியானம் இறங்கினேன். நடுவுல என் இடுப்பு ஞாபகமே வரலைடி" என்றாள் அக்கா. அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு இருக்கைக்கு என்ன இருக்கிறது?

மூன்றாவது யானை. அதுதான் பெரிய கம்பெனியின் புது வண்டி. விளம்பரமெல்லாம் அதற்குத்தான். ஓட்டுகிறவருக்கு சோபா மாதிரி ஆசனம். பின்னால் இருப்பவருக்கு அந்த சோபாவின் மேல் இன்னொரு மாடி. அங்கே ஏறி உட்கார்ந்தால் முன்கண்ணாடியைத் தாண்டி வரும் காற்றெல்லாம் நேராக ஹெல்மெட்டில் வந்து அறைந்தது. இருக்கை அகலம் என்பதால் தொடை இரண்டும் விரிந்து இடுப்பு மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. அது முன்பக்கம் சரிவாகவும் இருந்தது. ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் அவள் வழுக்கிப் போய்ப் புருஷன் முதுகில் மோதினாள். பக்கத்துக்கு ஒன்றும் பின்னால் ஒன்றுமாக மூன்று அலுமினியப் பெட்டிகள். அவற்றின் விளிம்பு கெண்டைக்காலில் உரசிக்கொண்டே வந்தது.

நான்கு வழிச் சாலையில் ஏறி வேகம் நூற்றிருபதைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. முதலில் மெல்ல, இடதும் வலதுமாக. அவர் இன்னும் கொஞ்சம் முறுக்கினார். ஆட்டம் பெரிதானது. பின்சக்கரத்தை யாரோ பிடித்து இழுத்து இழுத்து விடுவதைப் போலிருந்ததாம். பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி போய்க்கொண்டிருந்தது. வண்டியின் வால் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தது. அக்கா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பை இறுக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். முன்னாலிருந்து அவர் கத்தினார். "அசையாத."

வேகத்தைக் குறைத்ததும் ஆட்டம் அடங்கியது. அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தினார்கள். அவருக்கு ஹெல்மெட் வாரைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. அக்காதான் கழற்றிவிட்டாள்.

"என்னங்க இது, இப்படி ஆடுது?"

"காத்து" என்றார் அவர்.

திரும்பி வரும்போது அந்த வேகத்துக்குப் போகவே இல்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த மாதம் பத்திரிகை வந்தது. முதல் இடம் யானைக்கு. எலும்பு டாக்டரும் ஒரு வண்டிப் பைத்தியம், அவர்தான் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"எக்ஸ்ரே அக்கா எங்க? அவங்க ஆடின ஆட்டத்துல வண்டியே ஆடிப்போச்சாமே" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் வாங்கிப் படித்தேன். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. 'பின்னால் அமர்பவர் பழக்கமில்லாமல் அடிக்கடி நெளிந்தால் அதிவேகத்தில் வண்டி இலேசாக அசைந்து கொடுக்கலாம். வீட்டம்மாவின் புண்ணியத்தில் அதையும் சோதித்தாயிற்று. அசையாமல் உட்காரத் தெரிந்தவர்களுக்கு இது பாறை.' பின்னிருக்கையைப் பற்றி: 'சொகுசோ சொகுசு. வீட்டம்மா ஒரு கட்டத்தில் கண்ணயர்ந்தே விட்டார்.'

கண்ணயர்ந்துவிட்டாராம். பயத்தில் கண்ணை மூடினவளைத் தூங்கினாள் என்று எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும். இத்தனை வருஷம் பாரமாக மட்டும் கட்டுரைக்குள் இருந்தவள், முதல் தடவை மனுஷியாக உள்ளே வந்தாள். வந்த அன்றைக்கே குற்றவாளி.

அக்கா படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பத்திரிகையை மடித்து டாக்டரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அந்தச் சேதி ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. மருந்துக் கடைக்காரர் கேட்டார், லிப்ட் ஓட்டுகிறவர் கேட்டார். "அக்கா, மெல்ல நடங்க, கட்டடம் ஆடுது" என்று ஒரு வார்டுபாய் சொன்னபோது நான் எழுந்து போய் அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன். அக்கா என்னைத் தடுக்கவில்லை.

வீட்டில் நடந்ததை மறுநாள் சொன்னாள்.

"ஏங்க அப்படி எழுதினீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"அட, தமாஷுக்கு. படிக்கிறவங்களுக்குச் சுவாரசியமா இருக்கணும்ல."

"மூணு வண்டியிலயும் நான்தானே உக்காந்தேன். அதே நான்தான். மத்த ரெண்டும் ஏன் ஆடலை?"

வண்டியின் அமைப்பு, சக்கர அச்சு, எடை விழும் புள்ளி என்று என்னென்னவோ சொன்னாராம். முடிவில், "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று முடித்துக்கொண்டார்.

விஷயம் வேறு. யானையைக் கம்பெனி திரும்ப எடுத்துப் போகவில்லை. நீண்ட காலச் சோதனைக்கு என்று பெயர் பண்ணி, பல மாதம் அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. அடுத்து வரப்போகும் வண்டியின் அறிமுகத்துக்கு அவரை வெளிநாட்டுக்கு அழைப்பதாகவும் ஒரு பேச்சு இருந்தது. வாசலில் அவ்வளவு பெரிய வண்டி நிற்கிறது, தெருவே நின்று பார்த்துவிட்டுப் போகிறது. அந்த வண்டி ஆடுகிறது என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டி ஆடினாள் என்று எழுத வந்தது.

அக்கா அதன் பிறகு யானையில் ஏறவில்லை. பஸ்ஸில்தான் வேலைக்கு வந்தாள். அவ்வளவோடு இந்த விஷயம் ஆறிப்போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை விஷயம் அப்படி ஆறிப்போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ட்யூட்டியில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவசரப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூட டீச்சர். இடது தோள் கீழே இறங்கியிருந்தது, கையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளங்கையெல்லாம் உரசல், மண். கூட வந்த புருஷனுக்கு முழங்காலில் பேண்ட் கிழிந்திருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. அவர் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு எலும்பு டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆடாம உக்காருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். கேட்டாத்தானே. பத்திரிகையிலயே போட்டிருக்கான், பின்னாடி இருக்கிறவங்க நெளிஞ்சா வண்டி ஆடும்னு. ஏறும்போதே இவகிட்ட வாசிச்சுக் காட்டினேன்."

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இந்த முறை சிரிப்பு இல்லை.

அக்காவின் அறைக் கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. உள்ளே அவள் டீச்சரை எக்ஸ்ரே பிளேட்டுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"எப்படி விழுந்தீங்க டீச்சர்?"

"நான் அசைஞ்சிட்டேன் போல சிஸ்டர்."

"அசைஞ்சீங்களா?"

"தெரியலை. நான் கம்பியைப் பிடிச்சுட்டு அப்படியேதான் இருந்தேன். பின்னாடி ஆட ஆரம்பிச்சதும் கண்ணை மூடிக்கிட்டேன். ஆனா அவர் சொல்றாரு. நான்தான் ஏதோ பண்ணியிருக்கணும்."

அக்கா பிளேட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"என்ன வண்டி?"

"பேர் தெரியாது சிஸ்டர். புதுசு. உயரமா இருக்கும். மூணு வெள்ளிப் பெட்டி."

"நீங்க அசையலை டீச்சர்" என்றாள் அக்கா. "நான் சொல்றேன் கேளுங்க. நீங்க அசையலை."

படம் எடுத்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் காறை எலும்பு இரண்டாக முறிந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. அதை டாக்டரிடம் கொடுத்துவிட்டு, நேராக அந்தப் புருஷன் முன்னால் போய் நின்றாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. ஆனால் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அந்தப் பத்திரிகையில எழுதினவர் என் வீட்டுக்காரர். அதுல அசைஞ்சதா போட்டிருக்கிற பொம்பளை நான்தான். நான் அசையலை. வண்டிதான் ஆடுச்சு. அவருக்கும் தெரியும்."

அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அதெப்படிங்க? அவ்வளவு பெரிய பத்திரிகையில பொய்யா போடுவாங்க?"

"போட்டுட்டாங்க."

"உங்க வீட்டுச் சண்டைக்கு நான் என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு அவர் மருந்துக் கடைப் பக்கம் நடந்தார். கட்டிய பொண்டாட்டி எலும்பு முறிந்து உள்ளே நிற்கிறாள். கண்ணெதிரே ஒருத்தி வந்து உண்மையைச் சொல்கிறாள். நம்பத் தோன்றவில்லை. அச்சடித்த காகிதத்தை நம்பத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் சொன்னாளாம். அவர் வழக்கம்போல, "ரொம்ப வேகமா போயிருப்பான், பழக்கம் இருந்திருக்காது" என்று ஆரம்பித்தார்.

"டீக்கடையில உங்க கை நடுங்குச்சு" என்றாள் அக்கா. "வாரை நான்தான் கழட்டிவிட்டேன். மறந்துட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே மேலே சொன்னாள்.

"என் எடைக்கு மணல் மூட்டை கட்டுங்க. மூட்டை நெளியாதுல்ல. அதை வச்சு ஓட்டிப் பாருங்க. ஆடலைன்னா நான் ஊர் முழுக்கப் போய் நான்தான் அசைஞ்சேன்னு சொல்றேன்."

ஊருக்கு வெளியே விமானம் இறங்காமல் போன பழைய ஓடுபாதை ஒன்று இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் கார் பழக்குவார்கள். நெடுஞ்சாலையார் அவர்களில் ஒருவரைப் பிடித்து ஒரு காலை நேரம் கேட்டு வாங்கினார். "நீயும் வாடி, ஒரு சாட்சி வேணும்" என்று அக்கா என்னையும் கூப்பிட்டாள். போனேன். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

அவர் சாக்குகளில் மணலை அள்ளி, வீட்டு எடைபோடும் கருவியில் வைத்துப் பார்த்து, அவளுடைய எடைக்குச் சரியாகக் கட்டியிருந்தார். மூன்று பெட்டியிலும் அன்றைக்கு இருந்த அதே சாமான்கள். மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றி, பட்டை போட்டு இழுத்து இறுக்கினார். அசைத்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதல் தடவை மெதுவாகப் போய் வந்தார். இரண்டாவது தடவை கொஞ்சம் வேகம். வண்டி நேராகத்தான் போனது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் படபடப்பு. ஒருவேளை ஆடாமல் போய்விட்டால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மூன்றாவது தடவை ஓடுபாதையின் கோடியிலிருந்து முழு மூச்சாக வந்தார். எங்களைத் தாண்டும்போது சத்தம் காதை அடைத்தது. தாண்டிய கொஞ்ச தூரத்தில், பின்பெட்டி இடது பக்கம் போனது. வலது பக்கம் வந்தது. மறுபடி இடது. வண்டியின் பின்பாதி தனி வண்டியாகிவிட்டது போலிருந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்கும் பிடி. அவர் மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்து ஒருவழியாக நிறுத்தினார். நிறுத்திய பிறகும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் நடந்து போனோம். மூட்டை கட்டிய இடத்திலேயே இருந்தது.

"மூட்டையைக் கேளுங்க, நெளிஞ்சியான்னு" என்றாள் அக்கா.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்வை. "தப்புதான்" என்றார்.

"என்ன தப்பு?"

"எழுதினது."

"அன்னிக்கே தெரியுமா, தெரியாதா?"

தலையை ஆட்டினார். "தெரியும்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபத்தில் அவள் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

அன்றைக்கே அவர் உட்கார்ந்து புதிதாக எழுதினார். பெட்டிகளோடும் ஆளோடும் போனால் யானை அதிவேகத்தில் ஆடுகிறது, பின்னிருக்கை சரிவாகவும் வலியாகவும் இருக்கிறது, முதலிடம் கழுதைக்குப் போக வேண்டியது, முன்பு எழுதியது பொய் என்று எல்லாவற்றையும் எழுதினார். அக்காவும் கூடப் போனாள் பத்திரிகை அலுவலகத்துக்கு. ஆசிரியர் நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். தண்ணீர் கொடுத்தார். விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாம் செய்துவிட்டு, "அடுத்த இதழ் அட்டையில அந்த வண்டிதான் சார், கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"ஒரு டீச்சருக்குத் தோள் முறிஞ்சிருக்கு" என்றாள் அக்கா.

"கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஆனா வண்டின்னா விழத்தானே செய்வாங்க."

அடுத்த இதழில், டயர் விளம்பரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டு வரி வந்தது. 'பாரம் ஏற்றிச் செல்லும் வாசகர்கள் நிதானமாகச் செல்லவும்.' வண்டியின் பெயர் இல்லை. டீச்சர் இல்லை. பொய் சொன்னோம் என்ற வார்த்தை இல்லை. நிதானமாகச் செல்லவும். இதைச் சொல்ல ஒரு பத்திரிகையா? எந்த மேம்பாலத்தின் அடியில் பார்த்தாலும் இந்த வாசகம் எழுதியிருக்குமே.

இதில் ஒன்றை மட்டும் அந்த மனிதருக்கு வரவு வைக்க வேண்டும். நெடுஞ்சாலையார் பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டார். யானையைக் கொண்டுபோய்க் கம்பெனி வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோவில் வந்தார். எழுதியதை முழுக்க, புனைபெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தப் பெயரில் இணையத்தில் போட்டார். மணல் மூட்டை ஆடும் வீடியோவும் அதில் இருந்தது, அதை எடுத்தது நான்தான். கொஞ்சம் நடுங்கியிருக்கும். திட்டியவர்கள்தான் அதிகம். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்றார்கள். போட்டிக் கம்பெனியிடம் கைநீட்டிவிட்டான் என்றார்கள். ஆனால் அதே வண்டி வைத்திருக்கும் சிலர், எங்களுக்கும் ஆடியது, எங்கள் வீட்டிலும் இதே சண்டைதான் என்று எழுதினார்கள். அதில் பாதிப் பேர் பின்சீட்டில் உட்கார்ந்த பெண்கள். கொஞ்ச நாளில் அந்த வண்டியின் பெட்டிகளில், இவ்வளவு எடைக்கு மேல் வேண்டாம், இந்த வேகத்துக்கு மேல் வேண்டாம் என்று சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வர ஆரம்பித்தது. ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

டீச்சர் மறுபடி படம் எடுக்க வந்தார். தனியாக, பஸ்ஸில் வந்திருந்தார். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அக்கா திரையில் காட்டி விளக்கினாள். டீச்சர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"வீட்ல யார் வந்தாலும் இன்னும் அதே கதைதான் சிஸ்டர். இவ அசைஞ்சா, நான் விழுந்தேன்னு. அத்தை, நாத்தனார் எல்லாரும் இப்ப ஸ்கூட்டர்லகூட என்னைப் பின்னாடி ஏத்த யோசிக்கிறாங்க."

"அவர் வீடியோ பாக்கலையா?"

"பாத்தாரு. அது மூட்டை, இது மனுஷின்னு சொல்லிட்டாரு."

அக்கா அங்கேயே நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். "கிளம்பி வாங்க. ஒரு வீட்டுக்குப் போகணும்." எதற்கு, யார் வீடு என்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்தார். ட்யூட்டி முடிந்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. சின்ன ஹால், டைல்ஸ் மாதிரிகள் அடுக்கிய ஒரு மூலை, சுவரோரமாக மாமியாரும் நாத்தனாரும். கட்டட ஒப்பந்தக்காரர் நெடுஞ்சாலையாரை அடையாளம் கண்டுகொண்டு, கையைப் பிடித்துக் குலுக்கி, உட்காருங்கள் உட்காருங்கள் என்று நாற்காலியைத் துடைத்தார். இவர் உட்காரவில்லை.

"உங்க வீட்டம்மா அசையலைங்க. அந்த வண்டி ஆடும். எனக்கு அது தெரிஞ்சும் என் வீட்டம்மா மேல பழி போட்டு எழுதினேன். நீங்க அதை நம்பி வாங்கிட்டீங்க. தப்பு என் பேர்லதான்."

மாமியார் மருமகளைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் மோவாயைத் தடவினார்.

"அப்படியா சார்" என்றார். "அப்ப அதை வித்துடலாம். நீங்களே சொல்லுங்க, அடுத்தது எதை வாங்கலாம்?"

அக்கா அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். இரண்டு எட்டு உள்ளே வந்தாள்.

"வண்டியை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுங்க."

அந்த மனிதர் திரும்பினார். டீச்சர் சமையலறை வாசலில் ஒரு கையால் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பழி போட வந்த வார்த்தை எவ்வளவு, இப்போது ஒன்றுகூட இல்லை. கடைசியில், "தோள் இன்னும் வலிக்குதா?" என்று கேட்டார்.

"இத்தனை நாள் வலிச்சுது" என்றார் டீச்சர். செம்பை மேசைமேல் வைத்துவிட்டு, நாத்தனாரைத் தாண்டி வந்து, காலியாக இருந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார்.

நாங்கள் கிளம்பினோம். படியிறங்கும்போது நெடுஞ்சாலையார், "சொல்லிட்டேன்ல" என்றார், ஏதோ பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி.

"அவங்ககிட்ட சொன்னீங்க" என்றாள் அக்கா. "நம்ம வீட்டுக்கும் நாலு பேர் வருவாங்க, போவாங்க. அவங்ககிட்டயும் சொல்லணும். என்கிட்ட இருந்து ஆரம்பிங்க."

கீழே அவருடைய பழைய வண்டி நின்றது. அக்கா சாவிக்காகக் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். லைசன்ஸைப் புதுப்பித்துவிட்டதை எனக்குக்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.